கரும்பலகையில் எரியாத பல்ப்

எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். மின்சாரப் பாடம் வந்ததும் கரும்பலகையில் மின்கலம், வயர், பல்ப் எல்லாம் வரைந்து, சுற்று முழுமையானால் பல்ப் எரியும் என்றேன். பின்வரிசை வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நீங்க எரிய வச்சுப் பாத்திருக்கீங்களா?"

குறும்பாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

விஞ்ஞானக் கருவிகள் பாடசாலை அதிபரின் அறையில் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. கேட்டால், பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்பார். அந்தச் சனிக்கிழமை மாத்தளை டவுனில் டோர்ச் பல்புகளும் பெட்டரிகளும் வாங்கினேன். திங்கட்கிழமை வகுப்பே கூச்சலிட்டது. கேள்வி கேட்டவள் மட்டும் சத்தமில்லாமல் பல்பை எரிய வைப்பதும் அணைப்பதுமாக இருந்தாள். ஓடி வந்த அதிபர், யாருக்காவது ஷாக் அடித்தால் யார் பொறுப்பு என்றார். பெட்டரியில் பொருத்திய வயர்களின் முனைகளை நான் வெறும் விரலால் பிடித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு விஞ்ஞானக் கட்டுரைகளும் எழுதிவந்தேன். செவ்வாய், கருந்துளை என்று எழுதியபோது எல்லாரும் பாராட்டினார்கள். பாடசாலையின் பெயர் சொல்லாமல் பூட்டிய அலுமாரியைப் பற்றி எழுதியதும் வலயக் கல்விக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டார்கள். எழுதியது பிழை என்று அடுத்த வாரமே போடச் சொன்னார் அதிகாரி.

"அலுமாரிய தொறந்து காட்டுங்க சார். அன்னைக்கே பிழைன்னு எழுதுறேன்."

"டீச்சரா இருக்கப் போறீங்களா, பத்திரிகைக்காரியா இருக்கப் போறீங்களா?"

இரண்டும்தான் என்றேன்.

அடுத்த தவணைக்குப் பாடசாலை தொடங்கியதும் விஞ்ஞானத்தைப் பிடுங்கிக்கொண்டு சித்திரப் பாடத்தைத் தந்தார்கள். ஒரு தவணை பொறுத்தேன். பிறகு வேலையை விட்டேன். அரசாங்க உத்தியோகத்தை யாராவது விடுவார்களா என்று அண்ணன் பல மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கும் பயம் இருந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குவதை நினைத்தால் அந்தப் பயம் சின்னதாகத் தெரிந்தது.

இப்போது எழுத்துதான் தொழில். போன வாரம் யட்டவத்தைப் பக்கத்தில், ஆய்வுகூடம் இருந்தும் அதில் வகுப்பு நடக்காத ஒரு பாடசாலைக்குப் போனேன். என்னை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். பரவாயில்லை என்று வாசல் கேட்டுக்கு வெளியே குடையை விரித்துக்கொண்டு நின்றேன். பாடசாலை விடும் நேரம் தாய்மார் வந்து சேர்ந்தார்கள். முதலில் ஒருத்தி ஆய்வுகூடத்தைப் பற்றிப் பேசினாள். பிறகு எல்லாரும் பேசினார்கள்.