சாம்பல் கேட்ட அம்மாக்கண்ணு

அம்மாக்கண்ணுவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் என்னை விட்டால் அவளைப் பற்றி எழுத வேறு ஆளும் இல்லை.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, ஒரே அறை. வாய் கொஞ்சம் நீளம். ஈரக் கொழுந்து என்று கணக்கப்பிள்ளை எடையில் இரண்டு றாத்தலைக் கழித்தால், "கொழுந்துல ஈரம் இருக்குங்க, ஐயா நெஞ்சுலதான் இல்ல" என்பாள். அந்த வாய்க்காகவே அவளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர்.

நான் அந்தத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், உதவி டீமேக்கர். பெயர் செபஸ்தியாம்பிள்ளை. ஹட்டனில் ரசாயனம் படித்தவன் என்ற கர்வம் தலைக்கு மேல் இருந்தது.

1959இல் தோட்டத்தை நிர்வகித்த துரை ஸ்டோரின் விறகு அடுப்பை எடுத்துவிட்டு, கறுப்பெண்ணெயில் எரியும் அடுப்பைக் கொண்டுவந்தார். அதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. விறகு எரிந்த காலத்தில் லயத்து ஆட்கள் ஸ்டோர்ச் சாம்பலை அள்ளிப்போய் மரக்கறிப் பாத்திகளுக்குப் போடுவார்கள். எண்ணெயில் சாம்பல் ஏது? புகைதான் வந்தது. மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே போக வழியில்லாமல் லயத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. தூறல் விழுந்தால் கண் எரிந்தது.

இரண்டு வாரத்தில் பீன்ஸ், முள்ளங்கி எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு விழுந்தது. பிறகு இலை ஓரம் கருகிச் சுருண்டது. அம்மாக்கண்ணுவின் பாத்தி மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. அவள் தினமும் விடியற்காலையில் ஓட்டைச் சுளகோடு வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பல் கேட்டு வாங்கி, இலையிலும் மண்ணிலும் தூவி வந்தாள்.

அதுதான் வினையாகப் போனது. அடுப்புச் சாம்பலை அடுத்தவளுக்குக் கொடுத்தால் வீட்டு லெட்சுமி கூடவே போய்விடுவாள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. பக்கத்துக் காம்பரா வீரம்மாதான் ஆரம்பித்தாள். "நம்ம சாம்பல வாங்கிட்டுப் போயி நம்ம பாத்திக்கே செய்வென வச்சிட்டா!" சுற்றிலும் தேயிலை ஒன்றும் ஆகாமல் நின்றது. புகையிலோ மழையிலோ கோளாறு என்றால் தேயிலை மட்டும் எப்படித் தப்பும் என்று கேட்டார்கள். தேயிலை தடித்த இலைக்காரி, புளித்த மண்ணில்தான் செழிப்பாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டவர்களுக்கு நான் சொல்லவில்லை.

என்னிடம் பழைய லிட்மஸ் தாள் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு நாள் அம்மாக்கண்ணு வாசலில் வைத்திருந்த சட்டியில் விழுந்த மழைநீரில் ஒரு நீலத் தாளை நனைத்தேன். சிவந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பிடித்து வந்த நீரில் இன்னொன்றை நனைத்தேன். நீலமாகவே இருந்தது. அவள் இரண்டையும் குனிந்து பார்த்தாள்.

"என்னாங்க இது?"

எண்ணெயில் கந்தகம் இருக்கிறது, எரிந்தால் வாயுவாகிறது, பனியிலும் மழையிலும் கரைந்து அமிலமாக இறங்குகிறது என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். சாம்பலில் இருக்கும் காரம் அதை முறிக்கிறது என்றும் சொன்னேன்.

"ஸ்டோர் சாம்பல் நின்னப்பறந்தாங்க செடி கெட்டுச்சு. அதான் அடுப்புச் சாம்பலப் போட்டுப் பாத்தேன்" என்றாள். எந்தப் பள்ளிக்கூடமும் போகாமல் அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. அம்மாக்கண்ணு பயப்படவே இல்லை. "ஐயா காயிதத்துல பாத்தாருங்க. அவரயே கேளுங்க" என்றாள்.

தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. சொல்லுங்கய்யா."

பெரிய டீமேக்கர் பங்குனியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் எனக்கா என்பது துரை கையில் இருந்தது. குற்றவாளி துரையின் அடுப்பு என்று இருநூறு பேருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? "அது பழைய காயிதங்க. அதுல ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அத்தனை நீள வாய் அன்றைக்கு என்னிடம் திறக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்கவேண்டும், அதுவரை யாரும் அவளோடு நெருப்பு, தண்ணீர் புழங்கக்கூடாது என்று முடிவானது. "செய்யாத தப்புக்கு நான் ஏன் ஒடைக்கணும்?" என்று எழுந்து போய்விட்டாள். அந்த வாரமே வேலையிலிருந்து பெயரை வெட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு டயகமவில் இருந்த தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள்.

போகிற வழியில் நானும் மனைவியும் குடியிருந்த குவார்ட்டஸுக்கு வந்தாள். அரைச் சாக்குச் சாம்பலை வாசலில் இறக்கினாள். "அம்மாவோட ரோசாச் செடி கருகிக் கெடக்குதுங்க. இத வேர்லயும் எலயிலயும் தூவச் சொல்லுங்க." குத்திக் காட்டினாளா, இல்லை செடி மேல் பரிதாபமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வெட்கங்கெட்டு அந்தச் சாக்கை உள்ளே எடுத்து வைத்தேன்.

மாசியில் ரோசா பூத்துத் தள்ளியது. லயத்துப் பெண்கள் வந்து வேலியோரம் நின்று வாயைப் பிளந்தார்கள்.

"என்னாம்மா போட்டீங்க?" என்று வீரம்மா கேட்டாள்.

"சாம்பல்தான்" என்றாள் என் மனைவி சுகிர்தம், சிரித்துக்கொண்டே.

"படிச்சவங்க வீட்டுக் கையே தனிதாம்மா" என்றாள் வீரம்மா. ஆளுக்கொரு பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது வெளியே வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை.