மேல் நினைவகத்தில் ஒரு பிள்ளையார் சுழி

டிங்கிக் காய்ச்சல் என் மகளை விட்டுப் போய்விட்டது. என்னை இன்னும் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிள்ளான் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும், அவள் தூங்கினால் அருகில் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிற பெண், போனைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சி கொண்டு போனால் இரண்டு வாய், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, மெல்லத் தேறிவிடுவாள் என்றார் டாக்டர். மெல்ல என்றால் எவ்வளவு நாள் என்று அவர் சொல்லவில்லை.

ஒரு காலையில் அவளாகவே கேட்டாள்.

"அம்மா, உங்க பழைய கம்ப்யூட்டர் ஸ்டோர்ல இருக்கா? அந்தக் கார் கேம் சிடி?"

"அது ஓடவே ஓடாதே."

"அதான் கேக்குறேன். இப்பவாச்சும் ஓடுமா?"

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் தமிழ்த் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலத்தில் நான் வாங்கிய, கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்குகிற பழைய டாஸ் கணினி அது. சிடியைப் போட்டால் நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றுவிடும். சின்ன வயதில் அவள் அட்டைப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாயாலேயே கார் ஓட்டுவாள்.

என் கணவர் முனகிக்கொண்டே பெட்டியையும் திரையையும் தூக்கி வந்து அவள் கட்டிலருகே வைத்தார். பொத்தானை அழுத்தினேன். பல நாளுக்குப் பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதுவும் செத்துக் கிடந்தால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

கணினி இருமிக்கொண்டு எழுந்தது. தேதி கேட்டது, வாய்க்கு வந்த ஒன்றைக் கொடுத்தேன். விளையாட்டைத் தட்டினேன். நினைவகம் போதவில்லை.

"மாறவே இல்ல லா இது," என்றாள். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். போனை எடுத்தாள் என்பதே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி.

அவள் படித்துச் சொன்னது இதுதான். இந்த மாதிரிக் கணினியில் முதல் அறுநூற்று நாற்பது கிலோபைட்டில்தான் விளையாட்டு ஓட முடியும். அதற்கு மேலே ஒரு மெகாபைட் வரைக்கும் திரைக்கும் மற்ற பாகங்களுக்கும் ஒதுக்கிய பகுதி. அங்கே நடுநடுவே காலி இடங்கள் உண்டு. மௌஸ், சிடி இவற்றை இயக்கும் நிரல்களை அந்த இடங்களில் ஏற்றிவிட்டால், கீழே விளையாட்டுக்கு இடம் கிடைக்கும். அந்த மேல் பகுதியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு சின்னக் கருவியும் என் கணினியிலேயே இருந்தது. விற்றவர் போட்டுக் கொடுத்தது. நான் திறந்ததே இல்லை.

திறந்தோம். நீலத் திரையில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். பெரிய காலியிடம் ஒன்று இருந்திருக்கிறது, அதில் பாதியை ஏதோ ஒன்று பிடித்திருந்தது. சின்னக் காலியிடம் இன்னொன்று சும்மா கிடந்தது. சிடி நிரலோ எதிலும் கொள்ளாமல் கீழே வந்து விழுந்திருந்தது.

"பெரிய எடத்துல உக்காந்துருக்குறது யாரும்மா?"

பார்த்தேன். என்னுடைய தமிழ் எழுத்து நிரல்.

"ஏன் இது முதல்ல ஏறுது?"

"நான்தான் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் முதல்ல தமிழ் வரட்டும்னு. பிள்ளையார் சுழி மாதிரி."

அவள் என்னையே பார்த்தாள். "கம்ப்யூட்டருக்குப் பிள்ளையார் சுழியா?"

"பத்திரிகைக்குப் போடுறோம்ல."

"முதல்ல வர்றது பெரிய எடத்தப் பிடிச்சுக்கும்மா. பந்தியில சின்னப் பிள்ளைய பெஞ்சு நடுவுல உக்கார வச்சிட்டு, மாமாவ நிக்க வச்சிருக்கீங்க."

"அப்போ தமிழை எடுத்துடவா?" கேட்கும்போதே மனம் வரவில்லை.

"எடுக்க வேணாம். அந்தச் சின்ன எடம் அதுக்குப் போதும். சிடி மாமா முதல்ல உக்காரட்டும், அப்புறம் தமிழ்ப் பிள்ளை."

கணினி எழும்போது எதெது எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கும் தொடக்கக் கோப்பைத் திறந்து சிடி நிரலின் வரியை மேலே ஏற்றினேன். தமிழ் வரி கீழே இறங்கியது. மறுபடி கணினியை எழுப்பி வரைபடத்தைப் பார்த்தோம். சிடி நிரல் பெரிய இடத்தில், தமிழ் சின்ன இடத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி.

விளையாட்டைத் தட்டினேன். திரை கறுத்தது. பிறகு தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஓர் இசை. அட்டைப் படத்தில் இருந்த அதே சிவப்புக் கார்.

முதல் வளைவிலேயே சுவரில் மோதினாள். சிரித்தாள். வாயை மூடாமல், பழைய சிரிப்பு. அடுத்த வளைவிலும் மோதினாள்.

"கொஞ்சம் படுத்துக்கோயேன்மா," என்றேன்.

"நகருங்கம்மா, மறைக்குது. ரொட்டி சானாய் வாங்கிட்டு வாங்களேன், பசிக்குது. பருப்பு தனியா."

தெருமுனையில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குக் கணவரின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். எத்தனை வேண்டும் என்று அவளிடம் கேட்கவில்லை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தோன்றியது.

"எத்தன அக்கா?" என்றார் பரோட்டா மாதிரி ரொட்டிக்கு மாவு வீசுகிறவர்.

"போடுங்க அண்ணே," என்றேன். "போட்டுக்கிட்டே இருங்க."