சீட்டோடு ஓடியவன்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் விமானி உட்காரும் அறையை அப்படியே கட்டியிருந்தேன். அலுமினிய சீட், தோளையும் இடுப்பையும் கட்டும் பெல்ட், உயரம் காட்டும் மீட்டர் எல்லாம் தூத்துக்குடி பழைய இரும்புக் கடையில் வாங்கிய அசல் விமானச் சாமான்கள். எதிரே விமானம் ஓட்டும் விளையாட்டு ஓடும் கம்ப்யூட்டர், காதில் எஞ்சின் இரைச்சலோடு ஹெட்போன். பெல்ட்டைத் திருகி அழுத்தினால்தான் கழலும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன்.

அன்று காலை என் மனைவி செண்பகம் எட்டிப் பார்த்து, "உங்க பிளேன் எப்ப இறங்கும்? இட்லி ஆறுது" என்றாள்.

"மதுரைய இப்பத்தான் தாண்டுதேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

திடீரென்று கரண்ட் போனது. இரைச்சல் நின்றதும் அடுப்படியில் முனகல் கேட்டது. பதறி எழுந்தால் பெல்ட் விடவில்லை. பாடம் எடுத்த வாத்தியார் திருக மறந்து, இழு இழு என்று இழுக்கிறேன். நல்லவேளை, சீட்டைத் தரையோடு முடுக்கியிருக்கவில்லை. அதை முதுகில் சுமந்து ஆமை மாதிரி ஓடினேன்.

செண்பகம் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"என் கோலத்தப் பாத்துச் சிரிக்கியாக்கும்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

என் கூப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏம்வே, அவளத் தூக்கும்! பெல்ட்ட நான் அறுக்கேன்" என்று அரிவாள்மனையை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. என்னை எத்தனை முறை கூப்பிட்டாளோ, இனி அவளால் சொல்ல முடியாது.

ஹெட்போனை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. அவள் கட்டிலருகே டம்ளரும் கரண்டியும் வைத்திருக்கிறேன். இடது கையால் தட்டினால் ஓடுகிறேன். தட்டாமல் கொஞ்ச நேரம் ஆனாலும் ஓடுகிறேன்.