பச்சைக்காயும் சேர்த்து

மலைமேல் கொட்டச்சேட்டில், எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டு வாசலில் சேலத்துக்கு இறங்க வந்த ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் கட்டிலை விட்டு அசையவில்லை. அவருக்குக் குடலில் புற்று. சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டாவது கீமோ போன வாரமே போட்டிருக்க வேண்டும். இன்னும் தள்ளினால் கல்லீரலுக்குப் பரவும் என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத்தான் பெங்களூரிலிருந்து ஓடிவந்தேன்.

"அந்த ஊசி நொம்பக் கொடுமை கண்ணு. வாயெல்லாம் புண்ணு. நீ செய்யற மருந்து வரட்டும். நாம பழத்தை மட்டும் பறிச்சுக் காயைச் செடியில உடறமில்ல, அது மாதிரி நோவை மட்டும் புடிக்குமாமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டி.என்.ஏ இழையை மடித்துக் கண்ணுக்குத் தெரியாத பெட்டி செய்வது என் வேலை. உள்ளே மருந்து, புற்றுச் செல்லைத் தொட்டால் மட்டும் மூடி திறக்கும். கண்ணாடித் தட்டில் அழகாகத் திறக்கிறது. எலிக்குள் செலுத்தினாலோ, போய்ச் சேருவதற்குள் ரத்தமே அதைப் பிய்த்துப் போட்டுவிடுகிறது.

"அது இன்னும் எலியையே தாண்டலைங்கண்ணா!" கத்திவிட்டேன். "எப்ப வருமுன்னு எனக்கே தெரியாதுங்க."

"காத்துக்கறேன்."

அண்ணி பையைத் தோளில் மாட்டியபடி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். "ஏனுங்க, ஜீப்புக்காரரு போயிருவாருங்க."

டாக்டர் பேச்சு எடுபடவில்லை. காப்பிக்காரரிடம் காப்பியைத்தான் பேச வேண்டும்.

"சரிங்கண்ணா. தோட்டத்துல துளைப்பான் வண்டு உழுந்துட்டா, அப்பவும் பழத்தை மட்டுமாங்க பறிப்பீங்க?"

வண்டு விழுந்தால் கடைசிப் பறிப்பில் ஒரு காய்கூடச் செடியில் நிற்கக் கூடாது. பச்சைக்காயையும் சேர்த்து உருவ வேண்டும், தரையில் கிடப்பதையும் பொறுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அதற்குள் இருக்கும் வண்டு பெருகி அடுத்த வருஷம் தோட்டமே போய்விடும். அந்த வேலைக்கு மட்டும் அண்ணன் ஆளை நம்பமாட்டார், தானே இறங்கி உருவுவார்.

"உருவித்தான் ஆகோணும்," என்றார் கடைசியில். எழுந்து செருப்பைத் தேடினார்.

ஜீப்பில் எனக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உருவறப்ப சில சமயம் கொப்பும் சேந்து ஒடிஞ்சு வந்துருமில்ல கண்ணு?"

வரும். அவருக்குத் தெரியாததா?

"பாத்து உருவச் சொல்றேனுங்கண்ணா," என்றேன்.

இத்தனை வருஷம் பெட்டி மடித்த கையை, மலை இறங்கும்வரை அவர் விடவேயில்லை.