செகிஞ்சானில் ஒரு ராணுவ முகாம்

எண்பதுகளில், மலேசியாவில், எங்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். மாலையானால் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டுவேன். இலங்கைச் சண்டை என்றால் கூட்டம் அலைமோதும். ஆனால் 'எறிகணை வீச்சு', 'முன்னரண்' என்று வந்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கும் அவை புரியாது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சாக்பீஸை எடுத்தேன். பள்ளி அட்லஸைப் பார்த்து, யாழ்ப்பாணத்தை எங்கள் ஊர்ச் சாலையோடு பொருத்திச் சிமெண்டுத் தரையில் வரைந்தேன். வடக்கே ராணுவ முகாம், அது நெல்வயல் சூழ்ந்த எங்கள் செகிஞ்சான். தெற்கே கரையோர ஊர் ஒன்று, அது எங்கள் தோட்டத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் தஞ்சோங் காராங்.

"செகிஞ்சான்ல பீரங்கி வெடிச்சா, குண்டு பாதி வழியில வயல்லதான் விழும். இதுதான் வீச்சு," என்றேன்.

"அட, இவ்ளோதானா லா!" என்று, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தொடையைத் தட்டினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் இரண்டு மடங்கு கூட்டம். பஸ்ஸில் செகிஞ்சானைக் கடக்கும்போது தொழிலாளர் லயத்துப் பெண்கள் முகாமைத் தேடினார்களாம்!

தோட்ட ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். கிராணி வீட்டம்மாக்கள் லயத்துப் பக்கம் கால் வைக்கும் வழக்கமே கிடையாது. அந்த அம்மா வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். நான் தஞ்சோங் காராங் ஆக்கியிருந்த ஊரில்தான் அவருடைய தங்கை, பிள்ளைகளோடு இருந்தார். குண்டு அங்கே எட்டாது என்று காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகையே கைதட்டியது.

மறுவாரம் பத்திரிகையில் வேறு செய்தி. ராணுவம் முகாமை விட்டுத் தெற்கே நகர்கிறது. பீரங்கியை அழித்துக் கீழே தள்ளி வரைந்தேன். கூட்டம் எழுந்து நின்றது. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, குண்டு எங்கே விழும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

"தங்கச்சிய உடனே கெளம்பச் சொல்லுங்கம்மா!" மண்டோர் கத்தினார், சண்டை நிஜமாகவே எங்கள் சாலையில் நடப்பது போல. "கொஞ்சம் தெற்கே வந்தா நம்ம தோட்டம்! அப்புறம் கோலசிலாங்கூர்! எவன் தொடுவான்?"

"ஆமா, ஆமா!" என்று எல்லோரும் கத்தினார்கள். நானும்தான்.

அந்த அம்மா என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். தஞ்சோங் காராங்குக்குக் கீழே, நாங்கள் நின்றிருந்த இடத்தில், குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு மண்டோரைப் பார்த்தார்.

"இதுக்கு அங்கால கடல், தம்பி."