புடவையின் மறுமுனை

பரிமளா போயிட்டா. நேத்து காலையில... வாலாஜாபாத்ல, அவங்க அம்மா வீட்டுல. பத்து நாள் காய்ச்சலாம்.

நான் இந்தப் பக்கத்துல பிள்ளையார் படமும் பர்த்டே விஷ்ஷும் தவிர எதுவும் போட்டதில்லை. நேர்லயும் வாயைத் திறக்கிறது அபூர்வம். இன்னைக்குச் சொல்லியே ஆகணும்.

பதிமூணு வருஷம் முன்னாடி காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக் கடையில நானும் பரியும் வேலை பார்த்தோம். கஸ்டமர் கிளம்பினதும் விரிச்சுப் போட்ட புடவையெல்லாம் மடிக்கணும். ஆளுக்கு ஒரு முனை பிடிச்சுக்கிட்டு நடந்து வந்து சேர்ப்போம்.

கோபி அங்கே சேல்ஸ்மேன். வாய் ஓயாது. கல்யாணப் பொண்ணோட ஆயாவைச் சிரிக்க வெச்சே மூணு புடவை கூடுதலா எடுக்க வெச்சிடுவார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

ஒரு ஆடித் தள்ளுபடி நாள்... "கை வலிக்குதுபா. இந்தாண்ணா, நீ புடி"ன்னு பரி அவ முனையை கோபி கையில கொடுத்துட்டு ஓடிட்டா. கை வலியெல்லாம் சும்மா.

ஒவ்வொரு மடிப்புக்கும் கிட்ட வரணும், முனையைக் கொடுக்கணும், பின்னாடி போகணும். மனுஷன் வரும்போதும் பேசினார், போகும்போதும் பேசினார். மூணு வாரம் நான் பதிலே சொல்லலை.

அப்புறம் சொன்னது, "கோணலா மடிக்கிறீங்க."

அந்தப் புடவையை முழுசாப் பிரிச்சு மறுபடி மடிச்சார். வாயை மூடிக்கிட்டு. அங்கே விழுந்தவதான் நான்.

எங்க விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் பரி.

ஒருநாள் எங்கப்பா கடைக்கே வந்து, கஸ்டமர் முன்னாடி என்னை அறைஞ்சு இழுத்துட்டுப் போனார். யார் சொல்லியிருப்பான்னு கோபிகிட்ட போன்ல அழுதேன். "பரிதான். வேற யாருக்குத் தெரியும்?"னார். நம்பிட்டேன்.

ஒரு வருஷம் போராடி எனக்கும் கோபிக்கும் கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசல்ல பரி வந்து நின்னா. நான் "வா"ன்னுகூடச் சொல்லலை. சாப்பிடாமலே போயிட்டா.

அதுக்கப்புறம் அவ முகத்தை நேத்துதான் பார்த்தேன்.

அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உம்மேல அவளுக்குக் கோவமே இல்லமா. உன் வீட்டுக்காரரு வருஷா வருஷம் இங்க வந்து ஒக்காந்துகினு அழுவாரு. உங்கப்பாகிட்ட போய் சொன்னது அவருதானாமே? நீயா வீட்ல வாயத் தொறக்கவே மாட்டன்னு அவரே முந்திகினு போய் சொல்லிட்டாராம். நீ கேட்டதும் பயந்து இவ மேல போட்டுட்டாராம். 'எங்கிட்ட அழுது இன்னா பண்றது? அவகிட்ட சொல்லுண்ணா'ன்னு இவ அனுப்பி வெப்பா."

கூட வந்திருந்த கோபியைத் திரும்பிப் பார்த்தேன். வாழ்க்கையில ரெண்டாவது தடவையா வாயை மூடிக்கிட்டு நின்னார்.

பஸ்ல பக்கத்து சீட்காரர் சொன்னதைக்கூட என்கிட்ட ஒப்பிக்கிற மனுஷன். இதை மட்டும் பன்னிரண்டு வருஷம் பூட்டி வெச்சிருக்கார். துரோகம்... வேற வார்த்தை எனக்குத் தெரியலை. இந்தப் பதிவை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமேடி பரி.

உனக்குப் போர்த்த மாம்பழக் கலர்ல ஒரு பட்டு வாங்கிட்டுப் போயிருந்தேன். பிரிச்சதும், பழக்கத்துல மறுமுனைக்கு அவர் கை நீட்டினார்.

கொடுக்கலை. உங்கம்மாதான் பிடிச்சாங்க.

கோணல் இல்லாமத்தான் போர்த்தியிருக்கேன், பரி. தூங்குடி.