அடைப்பு வீடு

மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை. கணவர் என்னையும் மகளையும் விட்டுவிட்டு வேறு குடித்தனம் போயிருந்தார். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டவுனில் வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கச் சொல்லிவிட்டார் அண்ணன். வீட்டோடு என்றால், அண்ணி ஏவிய வேலையைச் செய்துகொண்டு காலம் முழுக்க.

அலுவலகம் விட்டதும் தெருத்தெருவாக அலைந்தேன். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொடுக்கிற வாடகைக்கு என் சம்பளம் ஒரு மூலைக்குக் காணாது. மற்ற இடங்களில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், "தீபம் இங்கிருந்தே தெரியும் பாருங்க" என்று மலையையும் வாடகையில் சேர்த்தார்கள். அதையும் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்தால், கடைசியாக அந்தக் கேள்வி வரும்.

"வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு?"

உண்மையைச் சொன்ன மறுநிமிடம், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு யாரோ ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வீட்டுக்கார அம்மாள் மட்டும் என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாடகை கம்மிதாம்மா. அந்த ஒரு ரூமை மட்டும் தொறக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரரு அவிட்டத்துல போயிட்டாரு. ஆறு மாசம் அடைப்பு. அதுவரைக்கும் வீடு இருட்டா கிடக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. எனக்கு இங்க படுக்க மனசு வரல. பொண்ணு வீட்டுல இருக்கேன்."

ஆகாத நட்சத்திரத்தில் யாராவது இறந்துபோனால் அந்த அறையைப் பூட்டிவைப்பது வழக்கம். உடலையும் வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். திரும்பி வர வழி தெரியக் கூடாதென்று சுவரை இடித்து அதன் வழியே கொண்டுபோவார்கள். பின்சுவரில் ஆள் அகலத்துக்குப் புதுப் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. ஆனாலும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பேயைவிட அண்ணியிடம் எனக்குப் பயம் அதிகம்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த அம்மாள் வருவார். பூட்டைத் திறந்து, அகலை ஏற்றி, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, உள்ள ஒரு தாத்தா இருமுறாரு."

எனக்கும் கேட்டது. நெஞ்சிலிருந்து இழுத்து இழுத்து வருகிற வறட்டு இருமல். அது இறந்தவர் ஒருவரின் அறை என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நின்றேன்.

சாயங்காலம் அந்த அம்மாளிடம் சொன்னதும் அவர் பயப்படவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"அவருக்கு இழுப்பும்மா. இருமி இருமித்தான் போனாரு. நான் வந்தா மட்டும் சத்தமே இல்லையே. எம்மேல என்ன கோவமோ."

அன்றே கிளம்பியிருப்பேன். எங்கே போவது?

எதிர்வீட்டு ஆள் ஒருவன் இருந்தான். "தனியாவா இருக்கீங்க? எதுனா வேணும்னா கூப்பிடுங்க" என்று வாசல்வரை வந்து நிற்பான். ஒரு நாள் படியில் காலை வைத்துவிட்டான். உள்ளே அந்த இருமல், முன்னைவிடப் பலமாக. அவன் காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"வீட்டுக்காரர் வந்துட்டாரா? சொல்லவே இல்லையே நீங்க" என்றான்.

அப்புறம் அவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்திருந்தது. அதற்குப் பிறகு இருமல் கேட்டால் நான் வெளியே ஓடவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. ஐயரை வைத்துச் சாந்தி செய்து அறையைத் திறந்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். இருமல் நின்றது. வீடு மருமகனுக்கு வேண்டுமென்று அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுபடியும் தெருத்தெருவாக அலைந்தேன். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் பின்போர்ஷன் காலியாக இருந்தது. அங்கேயும் அதே கேள்வி.

"வெளியூர்ல இருக்காரு. வந்து வந்து போவாரு" என்றேன். கூசாமல்தான் சொன்னேன். சாவி கைக்கு வந்தது.

குடிபோன சில நாளில், குழாயடியில் வீட்டுக்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் வந்திருக்காருபோல. ராத்திரியெல்லாம் இருமல் ஜாஸ்தியா இருந்துச்சே. ஆடாதோடை கஷாயம் வெச்சுக் குடுங்க."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சரிங்க, குடுக்குறேன்" என்றேன்.

அன்று விளக்கு வைத்ததும், உள்ளறை மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.